எலி ஒழிக்கிறோம்னு 6,500 ரூபாயை வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க, மதுரைக்காரங்க உஷார்!

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், அவனியாபுரம் பக்கம் இருக்கிறவங்க அவசியம் படிங்க.

எங்க வீட்ல சுண்டெலித் தொல்லை. அரிசிச் சாக்கு, பருப்பு டப்பா மூடி போனதெல்லாம் போகட்டும். நான் வீட்ல இருந்தே சுங்குடிக்கு முடிச்சுப் போடுறவ. முதலாளி குடுத்த துணி, பாதி முடிச்சு போட்டு மடிச்சு வச்சிருந்தேன். அதைக் குதறிப் பஞ்சாக்கி குட்டி போட்டிருக்கு. அந்தத் துணிக்கு என் கூலியிலதான் பிடிப்பாங்க. வயித்தெரிச்சல் தாங்காம, வீட்டுக்கே ஆள் அனுப்புற ஒரு செயலியில ‘எலி ஒழிப்பு, ஒரு வருஷ உத்தரவாதம்’னு இருந்ததைப் பார்த்து 6,500 ரூபாய் கட்டினேன்.

வந்த பையன் சீருடை, கழுத்துல அட்டையோட வந்தான். செருப்பை வாசல்லயே கழட்டினான். டார்ச் அடிச்சு பரண், சிங்க் அடி, ஃபிரிட்ஜ் பின்னாடின்னு ஒரு மூலை விடல. எங்க மாமியார், “உள்ளயே செத்து நாறுமாப்பா?”ன்னு கேட்டாங்க. “நாறாதும்மா. இந்த மருந்தைத் தின்னா தாகம் எடுத்து வெளிய ஓடிப் போய்த்தான் சாகும். எங்க ஆத்தா வீட்லயும் இதைத்தான் வச்சிருக்கேன்”னான். ஆத்தான்னு சொன்ன பெறகு அவங்க என்ன சந்தேகப்படுவாங்க? மோர் கரைச்சுக் குடுத்து, வெயிலுக்கு உக்காந்துட்டுப் போப்பான்னாங்க.

அவன் வச்சுட்டுப் போனது கொஞ்சம் நீலக் கட்டி, பிளக்ல சொருகுற அல்ட்ராசோனிக் மிஷின் ஒண்ணு (நம்ம காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டுமாம்). அவ்வளவுதான். ஒரு ஓட்டையை அடைக்கல.

அந்தக் கட்டி புரோமாடியோலோன். ரத்தத்தை உறைய விடாம பண்ற மருந்து, தின்ன எலி சாக நாலஞ்சு நாள் ஆகும். தாகத்துல வெளிய ஓடுங்கிறது பச்சைப் பொய். எங்க பதுங்குதோ அங்கயே சாகும். எங்களுக்குப் பரண் சந்துல செத்து, வீட்ல சோறு திங்க முடியல. மிஷினோட சத்தம் சுவரையும் பீரோவையும் தாண்டாது, நாளாக ஆக எலிக்கும் பழகிப்போகும். சுண்டெலிக்குக் கால் அங்குல இடுக்கு போதும். எங்க சிங்க் குழாய் போற ஓட்டையில என் விரலே நுழையுது, அதை அவன் டார்ச் அடிச்சுப் பார்த்தான்!

செத்தது போக மிச்சம் இருந்தது கேஸ் டியூபைக் கடிச்சிருச்சு. காலையில அடுப்படிக்குள்ள போனா வாடை. லைட் சுவிட்ச்ல கை வைக்காம ரெகுலேட்டரை மூடினேன். ஏதாவது ஆகியிருந்தா யார் பொறுப்பு?

பையனுக்குப் போன் போட்டா “ஆபீஸ்ல பேசுங்கக்கா”. செயலியில கேட்டா, நாங்க இடையில இருக்கிறவங்கதான், வேலை செஞ்ச ஏஜென்சியைக் கேளுங்க மேடம்னு சொல்றாங்க. ஏஜென்சியில பணம் கட்டின இடத்துல கேளுங்கன்னு திருப்பி விடுறாங்க. கடைசியா ஒரு அம்மா சொன்ன பதில்தான் உச்சம்: “உங்க பேக்கேஜ் பெருச்சாளிக்கு மேடம், சுண்டெலிக்குத் தனி.” ரசீதுல ‘எலி’ன்னுதான் போட்டிருக்கு. 6,500 ரூபாய் வாங்கும்போது எந்த எலின்னு யாரும் கேட்கல. இப்ப என் நம்பரை எடுக்கிறதே இல்ல.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்துட்டேன். 2020 மின்வணிக விதிப்படி புகாரை 48 மணி நேரத்துக்குள்ள ஏத்துக்கிட்டதா சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். “நாங்க இடையில”ன்னு நழுவ முடியாது. 5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கட்டணமும் இல்ல. 6,500 வந்து சேர்ற வரைக்கும் விடப்போறதில்ல.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் நினைச்சேன், இப்ப பொறுமை இல்ல. மருந்து வைக்க வர்றவங்ககிட்ட பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. மருந்து பேரை ரசீதுல எழுதி வாங்குங்க, குழந்தை வாயில வச்சுட்டா டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஓட்டையை அடைக்காம மருந்து மட்டும் வைக்கிறவனுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க. கம்பி வலையும் சிமென்டும் வச்சு நாங்களே இப்ப அடைச்சிட்டோம். கேஸ் டியூபை இன்னைக்கு ராத்திரியே அடுப்புக்குப் பின்னாடி வரைக்கும் கையால தடவிப் பாருங்க. கசிவுன்னா 1906.