ஐம்பதுக்குப் பிறகு, சிவந்த முகத்துக்கு: என் மேக்கப் பையில் தங்கியவையும் வெளியேறியவையும்

நல்ல சிவப்பாக இருக்கிறவளுக்கு மேக்கப்பில் என்ன கஷ்டம் என்று கேட்காத சொந்தக்காரர்கள் எனக்குக் குறைவு. நம் ஊரில் அந்த நிறத்துக்குக் கிடைக்கும் சலுகை அப்படி. 1975-இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. வரன் பார்க்கும் வீடுகளில் மட்டும் பேச்சு மாறவில்லை. அதனாலேயே சிவந்த தோலுக்கு வயதானால் என்ன ஆகும் என்று யாரும் வாய் திறப்பதில்லை.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் குறைவு என்றால் வெயிலைத் தடுக்கும் சக்தியும் குறைவு. என் வயதுத் தோழிகளில் மாநிறமானவர்கள் இன்னும் பளிச்சென்று இருக்க, கண்ணோரச் சுருக்கம் முதலில் வந்தது எனக்குத்தான். நாற்பதுகளின் கடைசியில் கன்னத்தில் மங்கு, மூக்கின் இரு பக்கமும் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, கண்ணுக்குக் கீழே நீலம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடங்களில் தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும் என்பார்கள். கன்னத்துச் சதை மெல்ல இறங்கி வாயோரம் மடிப்பு விழுந்தபோது அந்தக் கணக்கை நம்பினேன். இப்போது எனக்கு ஐம்பதுகளின் கடைசி. ஊர் சென்னை. தினமும் லேசாக, கல்யாணம் காட்சி என்றால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்பவள். பல வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்து நிலைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக முகத்தில் குறைவது கறுப்பும் சிவப்பும். புருவம் நரைக்கிறது, இமை முடி மெலிகிறது, உதட்டின் நிறம் வெளுக்கிறது. சிவந்த முகத்தில் இது இன்னும் மோசம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கண், வாய் எல்லாம் தோலோடு கரைந்து ஒரே நிறமாகத் தெரியும். 2013-இல் ப்ளோஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. கண், புருவம், உதடு ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான நிற வித்தியாசம் வயதோடு குறைகிறது, பார்ப்பவர்கள் அதை வைத்தும் வயதைக் கணிக்கிறார்கள் என்றது. ஆய்வாளர்களில் ஷனெல் கம்பெனிக்காரர்களும் உண்டு, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன். ஆனாலும் கண்ணாடியில் நான் பார்த்தது அதேதான். நம் கடைகளிலும் பார்லர்களிலும் என் போன்றவர்களுக்கு எடுத்து நீட்டுவதோ பவுடர், காம்பாக்ட், வெள்ளை பேஸ், பிரைட்டனிங் க்ரீம். ஏற்கெனவே வெளுத்த இடத்தில் மேலும் வெளுப்பு! தோலை முடிந்தவரை அப்படியே விட்டுவிட்டு, காசையும் நேரத்தையும் புருவம், இமையோரம், உதடு என்ற மூன்று இடத்தில் செலவழிப்பது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் அதையொட்டித்தான்.

தினசரி தோலுக்கு நான் போடுவது நிறம் கலந்த சன்ஸ்கிரீன் மட்டும். மங்கு உள்ளவர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. சாதாரண சன்ஸ்கிரீன் புறஊதாக் கதிரைத் தடுக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதைத் தடுப்பது நிறத்துக்காகச் சேர்க்கிற இரும்பு ஆக்ஸைடுதான். சன்ஸ்கிரீன் டப்பாவில் போடும் பாதுகாப்பு எண்ணான எஸ்.பி.எஃப். 30 என்றால் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதம், 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும். எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை, பூசும் அளவில்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் தடவ வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பட்டாணி அளவு எடுத்துவிட்டு, கிரீம் சரியில்லை என்போம். பூசியதும் காபி போடப் போய்விடுங்கள், பத்து நிமிடம் ஆகட்டும். அப்புறம் ஒரு டிஷ்யூவை முகத்தில் ஒற்றி எடுத்தால் பிசுபிசுப்பு போய்விடும், நிறம் நிற்கும். மே மாதச் சென்னைக்கு இது போதும்.

பவுண்டேஷன் விசேஷங்களுக்கு மட்டும். சிவப்பு என்றதும் கடைப்பெண் இருப்பதிலேயே வெளுத்த பாட்டிலை எடுத்துத் தருவார். அங்கே ஏமாறக்கூடாது. என் முகத்தில் ரோஸ் அதிகம், கழுத்தில் லேசான மஞ்சள். முகத்தைப் பார்த்து வாங்கினால் தலை வேறு, உடம்பு வேறாகத் தெரியும். தாடைக்குக் கீழே கழுத்தோடு சேரும் இடத்தில் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புறங்கையில் தடவிப் பார்ப்பது வீண். ஸ்கூட்டி ஓட்டிய கை அது. மேக் கம்பெனியில் என்.சி. என்று தொடங்குபவை பொன்மஞ்சள் சாயல் தோலுக்கு, என்.டபிள்யூ. ரோஸ் சாயலுக்கு. பெயரில் உள்ள சி, டபிள்யூ எழுத்துகளைக் கூல், வார்ம் என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாமல் இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள். மேபலின் ஃபிட் மீ வரிசையில் 115 ஐவரி, 128 வார்ம் ந்யூட் என்று இரண்டு நிறம் உண்டு. இரண்டையும் கழுத்தில் கோடு போட்டுப் பார்த்தேன், 128 மறைந்துபோனது. மறைவதுதான் நம்முடையது.

பளபளப்பே இல்லாத மேட், ஈரப் பளபளப்பான ட்யூயி என்ற சண்டையில் என் ஓட்டு நடுவில். புழுக்கமான ஊர் என்பதால் எல்லோரும் மேட் வாங்கச் சொல்வார்கள். எண்ணெய் வழியும் இருபது வயதுத் தோலுக்குச் சரி. வறண்ட தோலில் அது மூன்று மணி நேரத்தில் வாயோர மடிப்பில் கோடாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சால், மூக்கைச் சுற்றியும் மங்கு இருக்கும் இடத்திலும் மட்டும் மெல்லிசாக ஒற்றி, வெளிப்பக்கம் தேய்த்துக் கரைத்துவிட்டால் முகம் முகமாகவே இருக்கிறது. பவுடர் மூக்கோரம், நெற்றி நடு, மேலுதடு ஆகிய இடங்களில் மட்டும், சின்ன பிரஷ்ஷால். கண்ணுக்குக் கீழே கிட்டவே கொண்டுபோகக் கூடாது. சிலிகா அதிகம் உள்ள எச்.டி. பவுடரை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் வெள்ளைத் திட்டு விழும். நம் கல்யாணங்களில் ஃபிளாஷ் இல்லாத போட்டோகிராபர் எங்கே இருக்கிறார்?

கருவளையத்தின் நிறத்தை மறைக்க ஆரஞ்சு கரெக்டர் என்று வீடியோக்களில் சொல்வது மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும். சிவந்த தோலில் ஆரஞ்சு ஆரஞ்சாகவே தெரியும். வெளிறிய பீச் போதும், அதுவும் மூக்கை ஒட்டிய கண்மூலையில் ஒரு புள்ளி.

இப்போது புருவம். இதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். முடிக்கு டை அடிப்பதை நிறுத்திய பிறகுதான் என் முகத்துக்குப் புருவம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. அட்டைக்கறுப்பு டையும் வெளுத்த முகமும் சேர்ந்தால் விக் வைத்த மாதிரி ஒரு தோற்றம் வரும். உப்பும் மிளகுமாக விட்டதும் முகம் இளகியது. ஆனால் நரைத்த புருவம் காணாமலே போய்விட்டது. கறுப்புப் பென்சில் கடுமை. சாக்லேட் பிரவுன் வெயிலில் செம்பட்டையாகத் தெரிந்தது. சாம்பல் கலந்த பழுப்புதான் பொருந்தியது. கடைகளில் டோப் அல்லது ஆஷ் பிரவுன் என்று கேளுங்கள். முழுப் புருவத்தையும் தீட்டாமல், முடி விட்டுப்போன இடத்தில் மட்டும் முடி முடியாகக் கீறி, மஸ்காரா குச்சி போன்ற ஸ்பூலி பிரஷ்ஷால் மேல்நோக்கிச் சீவிவிட வேண்டும். புருவத்தின் வால் முனை அதன் தொடக்கத்தைவிடக் கீழே இறங்கினால் முகமே தொங்கிவிடும், அதனால் வாலைச் சற்று முன்னதாகவே முடித்துவிடுவேன். த்ரெட்டிங்குக்குப் போனால் ஒரே ஒரு கட்டளை: மேல் கோட்டைத் தொடாதே. இந்த வயதில் போன முடி எல்லாம் திரும்பி வருவதில்லை.

கண்ணுக்கு வருகிறேன். ஐடெக்ஸ் டப்பி மையைச் சுண்டுவிரலில் தொட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். மை இல்லாமல் வெளியே போனால் உடம்புக்கு முடியலையா என்று கேட்பார்கள். ஆனால் எந்தக் கம்பெனி மையாக இருந்தாலும், கீழிமை தளர்ந்த பிறகு அது மதியத்துக்குள் கருவளையத்தில் இறங்கிக் கலந்துவிடுகிறது. கூடவே, கீழே கறுப்புக் கோடு இருந்தால் பார்வையும் கீழேதான் போகும். மையைக் கைவிட மனம் வரவில்லை, இடத்தை மாற்றினேன். மேலிமையைக் கட்டை விரலால் லேசாகத் தூக்கி, முடி முளைக்கும் வேரடியில் உட்பக்கமாகப் பென்சிலை வைத்து அசைப்பேன். கோடு என்று எதுவும் தெரியாது, இமை முடி அடர்ந்த மாதிரி தெரியும். அதன்மேல் பழுப்பு ஐஷேடோவைச் சரிவான பிரஷ்ஷால் அழுத்தினால் நகராது. கீழே ஒன்றும் கிடையாது. முதல் வாரம் முகம் மொட்டையாகத் தோன்றும், பழகிவிடும்.

இமை மடிந்து இறங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு போடும் ஷேடோ, திறந்ததும் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்தபடியே, மடிப்புக்குச் சற்று மேலே நிறத்தை வைக்க வேண்டும். மினுமினுப்பு வேண்டாம். அதில் உள்ள மைக்காத்தூள் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக் காட்டும். மூக்குக்கண்ணாடி இல்லாமல் இதெல்லாம் நமக்குத் தெரியாது என்பது வேறு கொடுமை. உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றை ஜன்னலோரம் மாட்டியது இத்தனை வருடத்தில் நான் செய்த உருப்படியான செலவு. பிளஸ் பவர் போடுபவர்களின் கண் அடுத்தவருக்குப் பெரிதாகத் தெரியும், போட்ட மையின் பிசிறும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

கன்னத்துக்கு க்ரீம் ப்ளஷ். சிரித்தால் உருளும் இடத்தில் வைக்கச் சொல்வார்கள். சதை இறங்கிய பிறகு அந்த இடமும் இறங்கிவிட்டதே. கன்ன எலும்பின் மேல், காதை நோக்கி. மூக்கோரம் ஏற்கெனவே சிவப்பு இருப்பதால், மூக்கில் இருந்து இரண்டு விரல் தள்ளித்தான் தொடங்க வேண்டும்.

உதட்டில் நான் பட்ட பாடு அதிகம். லிக்விட் மேட் எல்லாவற்றையும் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். வெடித்த களிமண் மாதிரி ஆகிவிடும் உதடு. மெரூன் பட்டுக்கு மெரூன் லிப்ஸ்டிக் என்ற பழைய கணக்கும் உதவாது. அடர் நிறம் மெல்லிய உதட்டை இன்னும் மெல்லிசாக்கும். சொந்த உதட்டின் நிறத்திலேயே ஒரு லைனரால் ஓரத்தைக் கட்டி, உள்ளே முழுக்க அதையே லேசாகத் தீட்டி, மேலே க்ரீம் லிப்ஸ்டிக். லைனர் இல்லாவிட்டால் மேலுதட்டுக் கோடுகள் வழியே நிறம் மேலே ஏறிவிடும். தினசரிக்கு வாடிய ரோஸ். விசேஷத்துக்கு நீலச் சாயல் கொண்ட சிவப்பு, அது பல்லை வெளுப்பாகக் காட்டும். ஆரஞ்சும் காபி நிறமும் பல்லின் மஞ்சளைத்தான் எடுத்துக் காட்டின.

பார்லரில் போட்டுக்கொள்ள நேர்ந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். போன வருடம் ஒரு முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் உட்கார்ந்தபோது, "ஆன்ட்டி, இன்னும் ஒரு கோட் பேஸ் போட்டா சுருக்கமே தெரியாது" என்றது அந்தப் பெண். "சுருக்கம் தெரியட்டும்மா, புருவமும் உதடும் தெரியற மாதிரி போடு, போதும்" என்றேன். நல்ல கைக்காரி, புரிந்துகொண்டது. எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. பேஸைத் தவிர்த்து, கண் மேக்கப்பும் புடவை கட்டுவதும் மட்டும் என்று சொல்லிக் காசு கொடுத்தாலும் தப்பில்லை.

ஸ்டிக்கர் பொட்டு பற்றியும் சொல்லவேண்டும். சில பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி ப்யூட்டைல் பீனால் என்ற ரசாயனம், பொட்டு வைத்த இடத்தில் தோலை வெளுக்கச் செய்யும். சிவந்த நெற்றியில் அந்த வெள்ளைத் திட்டு சட்டென்று கண்ணில் படாது என்பதால், பெரிதாகும் வரை தெரியாமலும் போகலாம். அரிப்பு, வெளுப்பு எது இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிச்சம் இருப்பது மஸ்காரா. இமை மடிந்தவர்களுக்கு வாட்டர்ப்ரூஃப்கூட மேலே ஒட்டிக்கொள்ளும், தோலின் எண்ணெய் அதைக் கரைத்துவிடும். எனக்கு ஒத்துவந்தது ட்யூபிங் வகைதான். அது ஒவ்வொரு முடியையும் சுற்றி மெல்லிய உறையாகப் படியும், எண்ணெய்க்கும் வேர்வைக்கும் கரையாது. எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். இரவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைக் கண்மேல் கொஞ்ச நேரம் வைத்து இழுத்தால் குட்டிக் குட்டிக் குழலாக உரிந்து வரும். முதல் தடவை பஞ்சைப் பார்த்து, இமை முடியே கொட்டிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.