கடைப் பெயர்ப்பலகை இறக்குமதி: விளக்கோடு எடுப்பதா, வெறும் எழுத்தாக எடுப்பதா?

சீனாவில் செய்து சென்னைத் துறைமுகம் வழியாக வரும் கடைப் பெயர்ப்பலகைக்கு எந்த எச்.எஸ். கோடு (சுங்கவரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) போடுவது என்று கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் கேட்பது, எந்தக் கோடில் வரி குறைவு என்பதைத்தான். சுங்கவரி அட்டவணை அந்த வரிசையில் வேலை செய்வதில்லை. பொருளில் விளக்கு இருக்கிறதா, என்ன பொருளால் செய்தது, அதன் மேல் இருப்பது அச்சா அல்லது வடிவமா என்று பார்த்து அது கோடைத் தீர்மானிக்கும். வரி கடைசியில்தான் வரும். ஆர்டர் கொடுக்கும் முன்பே இதைப் புரிந்துகொண்டால், எந்த வகைப் பலகையை வாங்குவது என்பது உங்கள் கையில் இருக்கும். கன்டெய்னர் கிளம்பிய பிறகு இல்லை.

நேராகப் போட்டி போடுவது அட்டவணையின் இரண்டு தலைப்புகள், அதாவது இரண்டு நான்கு இலக்க எண்கள். ஒன்று 9405. லைட் ஃபிட்டிங்குகளோடு, நிரந்தரமாகப் பொருத்திய ஒளி மூலம் உள்ள பெயர்ப்பலகைகளும் இதில்தான் வருகின்றன. 2022 எச்.எஸ். திருத்தத்துக்குப் பிறகு, எல்.இ.டி மட்டுமே பயன்படும்படி செய்த பலகை 9405 61, மற்றவை 9405 69. கண்ணாடிக் குழாயில் வாயு அடைத்த பழைய நியான் பலகை இரண்டாவதில் சேரும். இப்போது எல்லாக் காபிக் கடைச் சுவரிலும் தொங்கும் 'எல்.இ.டி நியான்' முதலாவதில் சேரும். இன்னொன்று 8310: இரும்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், பித்தளை போன்ற சாதாரண உலோகங்களில் செய்த பெயர்ப்பலகைகள், எழுத்துகள், எண்கள், சின்னங்கள். இந்தத் தலைப்பின் வாசகமே '9405-இல் வருபவை நீங்கலாக' என்று முடிகிறது. ஆகவே விளக்கு பொருத்தியிருந்தால், உலோகம் எவ்வளவு கனமாக இருந்தாலும் 8310 பக்கம் போக வழியில்லை. பிளாஸ்டிக்குக்கும் இதே கதை. பிளாஸ்டிக்குக்கான 39-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு 2, 9405 அடங்கிய 94-ஆம் அத்தியாயப் பொருள்களை வெளியே தள்ளிவிடுகிறது. உலோகப் பொருள்களுக்கான 15-ஆம் பிரிவின் குறிப்பு 1-உம் அதையே செய்கிறது. விளக்கு இருந்தால் 9405. இதில் வாதாட இடமில்லை.

இனி வரி. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பற்றிப் பலர் பழைய கணக்கையே மனதில் வைத்திருக்கிறார்கள். 2018 பட்ஜெட் வரை இரண்டுக்கும் அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம். அந்த ஆண்டு 9405 மட்டும் 20-க்கு ஏறியது. விளக்கில்லாத உலோகப் பலகை என்று காட்டினால் பாதி வரி என்ற ஆசை அப்போது பிறந்ததுதான். 2020 பிப்ரவரி பட்ஜெட் அதைச் சுருக்கியது: ஃபைலிங் கேபினெட், கிளிப், ஸ்டேப்பிள் ஆகியவற்றோடு 8310-உம் 10-லிருந்து 20-க்கு ஏறியது, 9405-உம் 25 ஆனது. 2025 பட்ஜெட்டில் 9405-இன் அடிப்படை வரி 20-க்கு இறங்கி, பதிலுக்கு விவசாய உட்கட்டமைப்பு செஸ் சேர்ந்தது. ஆக இப்போது அடிப்படை வரி இரண்டுக்கும் ஒன்றே, மேலே ஏறும் துணை வரிகளில்தான் வித்தியாசம். இந்தச் சிறிய மிச்சத்துக்காகப் பொருளைத் தவறாக அறிவிக்கிறவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று யோசிக்க வேண்டும். சுங்கச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி சாதாரணமாக 2 ஆண்டு வரை பின்னோக்கி வரி கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்தது என்றால் 5 ஆண்டு. அதற்கு 15 சதவீத வட்டி, 114ஏ பிரிவின் கீழ் வரிக்குச் சமமான அபராதம். பத்துக் கிளை திறந்த ஒரு துணிக்கடைக்கு 5 ஆண்டுக் கணக்கு என்பது சிறிய தொகை இல்லை.

மூன்றாவது போட்டியாளர் அக்ரிலிக். லேசரில் வெட்டிய, விளக்கில்லாத அக்ரிலிக் எழுத்துகள் 3926 90 99-இல் போகும். 2019 ஜூலை பட்ஜெட் அதை 10-லிருந்து 15 சதவீதமாக்கியது. காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த மதிப்பு 5,00,000 ரூபாய் என்று வையுங்கள். ஸ்டீல் எழுத்துக்கு அடிப்படை வரி 1,00,000, அதில் 10 சதவீதமான சமூக நல சர்சார்ஜ் 10,000, மொத்தம் 1,10,000. அக்ரிலிக்குக் கணக்கு 75,000-உம் 7,500-உம், மொத்தம் 82,500. இதற்கு மேல், இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி-யான 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி இரண்டுக்கும் உண்டு. பதிவு பெற்ற நிறுவனம் அதை இன்புட் கிரெடிட்டாக (தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி-யில் கழித்து) எடுத்துக்கொள்ளும் என்பதால் உண்மையான செலவு முன்னே சொன்ன தொகைதான். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜி.எஸ்.டி-யாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு அந்த கிரெடிட் கிடையாது. அவர் கணக்கு தனி, அவர் முழு வரியையும் செலவாகவே பார்க்க வேண்டும். வரி விகிதம், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கல் செய்யும் நாளில் உள்ளது. கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்திருந்தால், கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கிடைத்த நாளில் உள்ளது. பட்ஜெட்டை ஒட்டி ஆர்டர் கொடுக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

27,500 ரூபாய் மிச்சம் என்பதற்காக எல்லோரையும் அக்ரிலிக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். கிழக்கு கடற்கரைச் சாலையில் உப்புக் காற்றும் வெயிலும் படும் முகப்புக்கு 316 தர ஸ்டீலே தாங்கும். மால் உள்ளே தொங்கும் பலகைக்கு அக்ரிலிக் போதும், அங்கே வரி மிச்சமும் உண்மையான மிச்சம்.

சிக்கல் ஆரம்பிப்பது 'விளக்கு பொருத்தத் தயாரான' எழுத்துகளில். தனித்தனியாக நிறுத்தி வைக்கும் பெட்டி எழுத்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வளைத்த ஸ்டீல் தகடு, முகப்பில் பால் வெள்ளை அக்ரிலிக், பின்னால் ஒரு பலகை, அதில் ஒயர் வெளியே வர ஒரு துளை. உள்ளே 12 வோல்ட் எல்.இ.டி மாட்யூல்கள் (சிறு விளக்குத் துண்டுகள்) வரிசையாக ஒட்டியிருந்தால் அது 9405 61. மாட்யூல் இல்லாமல் வெறும் கூடாக வந்தால்? இங்கே இரண்டு வாதம் உண்டு. நிரந்தர ஒளி மூலம் இல்லை, ஆகவே 8310 என்பது இறக்குமதியாளர் சொல்வது. பால் வெள்ளை முகப்பும் ஒயர் துளையும் வேறு எதற்காக, இது ஒளிரும் பலகையின் பாகம், ஆகவே 9405 92 அல்லது 9405 99 என்பது அதிகாரி சொல்லக்கூடியது. என் பார்வையில் இரண்டாவது வாதத்துக்கே பலம் அதிகம். வடிவமே பயனைச் சொல்லிவிடுகிறது.

அதே கன்டெய்னரில் இன்னொரு அட்டைப்பெட்டியில் மாட்யூலும், அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரும் வந்திருந்தால் வாதமே கிடையாது. வகைப்பாட்டுப் பொது விதி 2(அ), பிரித்து அனுப்பிய பொருளையும் முழுப் பொருளாகவே பார்க்கச் சொல்கிறது. சப்ளையர் ‘பிரித்து அனுப்புகிறேன், வரி மிச்சமாகும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். பேக்கிங் லிஸ்டும் இன்வாய்ஸும் ஒரே ஆர்டர் எண்ணைக் காட்டும். சரக்கு நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு, எழுத்தின் அளவுக்கு ஏற்ப எண்ணி வைத்த மாட்யூல்களே சாட்சி.

இதற்கு மாறாக, முழுக்க மூடிய, ஒளி ஊடுருவாத ஸ்டீல் எழுத்துகளை எடுத்துவந்து, சுவருக்கும் எழுத்துக்கும் நடுவே இங்கேயே வாங்கிய எல்.இ.டி பட்டையை ஒட்டிப் பின்னொளி கொடுக்கலாம். வரும்போது அது விளக்கில்லாத உலோக எழுத்து, 8310. நேர்மையாகவும் பாதுகாப்பாகவும் செய்யக்கூடிய வடிவமைப்பு இது. பல கிளை உள்ள கடைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதையே. இதில் இன்னொரு நன்மை, எல்.இ.டி டிரைவர். அது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்-இன் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது. சீன சப்ளையர் பலகையோடு போட்டனுப்பும் பெயரில்லாத டிரைவரில் பதிவு எண் இருக்காது. அது துறைமுகத்தில் நின்றால் டிமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும், கடை திறப்பு விழா தள்ளிப்போகும். வரி வித்தியாசத்தைவிட இந்தத் தாமதமே எனக்குப் பெரிய கவலை. டிரைவரை இங்கே பதிவு எண்ணோடு வாங்கினால், எரிந்துபோனாலும் மறுநாளே ரிச்சி தெருவில் மாற்று கிடைக்கும்.

அச்சிட்ட பலகைகளுக்கு வருவோம். ஃபோம் ஷீட்டில் 'தள்ளுபடி' என்று அச்சிட்டு வரும் பலகை பிளாஸ்டிக்தானே என்று 3926 போடுகிறவர்கள் உண்டு. அட்டவணையின் 7-ஆம் பிரிவின் குறிப்பு 2 வேறு சொல்கிறது: அச்சு அந்தப் பொருளின் முக்கியப் பயனுக்குத் துணையாக மட்டும் இல்லாமல், அதுவே பொருளின் நோக்கமாக இருந்தால், அது அச்சுப் பொருள்களுக்கான 49-ஆம் அத்தியாயத்துக்குப் போகும். விளம்பரப் பலகைக்கு 4911 10. விதிவிலக்கு 3918-உம் (பிளாஸ்டிக் தரை, சுவர் விரிப்புகள்) 3919-உம் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்கள்). ஆகவே கண்ணாடிக் கதவில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கர், அச்சிட்டதாக இருந்தாலும், 3919-லேயே நிற்கும். துணியில் அச்சிட்ட பேனருக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. அது ஜவுளியாகவே 6307-இல் போகும். அலுமினியச் சட்டத்தில் மாட்டும் ஒளிப்பெட்டிக்கு சீசன் மாறும்போது துணியை மட்டும் வரவழைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் தடவை பெட்டியோடு வந்தபோது 9405 61 போட்டதால் இரண்டாம் தடவை துணிக்கும் அதையே போடுவது அடிக்கடி நடக்கிறது. உலோகத் தகட்டில் அச்சிட்டது 8310-லேயே இருக்கும். மரம் என்றால் 4421.

ஃப்ளெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலை பட்ஜெட்டில் பி.வி.சி ஃப்ளெக்ஸ் ஷீட், பேனர் மீதான அடிப்படை வரி 10-லிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. மக்காத பொருள் என்று காரணம் சொல்லியே உயர்த்தினார்கள். சரியான முடிவு. மலிவு என்று ஃப்ளெக்ஸ் முகப்பைத் தேர்வு செய்யும் காலம் போய்விட்டது.

கடைசியாகத் திரைகள். படமும் வீடியோவும் ஓடும் மானிட்டர் 8528. வங்கியிலும் மருந்துக் கடையிலும் டோக்கன் எண் காட்டும் எல்.இ.டி பலகை 8531 20. ஒளிரும் கடைப் பெயரை 'காட்சி சமிக்ஞைக் கருவி' என்று 8531-இல் நுழைக்கப் பார்ப்பவர்களுக்கு உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பே பதில் வைத்திருக்கிறது: மின்சாரத்தால் ஒளிர்ந்தாலும், மாறாமல் நிற்கும் பலகை சமிக்ஞைக் கருவி ஆகாது, 8310, 9405 போன்ற அதனதன் தலைப்புக்கே போக வேண்டும்.

அமெரிக்காவிலோ வேறு நாட்டிலோ கிளை திறப்பவர்களுக்கு முதல் 6 இலக்கம் இதேதான், ஆனால் வரி அப்படி இல்லை. அமெரிக்காவில் 8310-க்கு அடிப்படை வரியே கிடையாது. ஒளிரும் பலகைக்குப் பொருளைப் பொறுத்து 5.3 முதல் 6 சதவீதம் வரை. சீனப் பொருளுக்குக் கூடுதல் வரிகள் தனி. இந்தியக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் வடிவமைப்பையே தவறாகத் தேர்வு செய்வீர்கள்.

வெறும் கூடு மாதிரி எல்லைக்கோட்டில் நிற்கும் பொருளைத் தொடர்ந்து இறக்கப் போகிறவர்கள் எந்தக் கோடு என்று இறக்குமதிக்கு முன்பே முன்கூட்டிய தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். டெல்லியிலும் மும்பையிலும் இதற்கான ஆணையம் இருக்கிறது, விண்ணப்பித்து 3 மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது சட்டம், தீர்ப்பு சில ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரே ஒரு கடைக்கு ஒரே ஒரு பலகை என்றால் அந்த அலைச்சல் வேண்டாம். இன்வாய்ஸில் 'விளம்பரப் பலகை' என்று மொட்டையாக எழுத விடாமல், 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எழுத்துகள், ஒளி ஊடுருவாத முகப்பு, விளக்கு இல்லை, ஒயர் துளை இல்லை' என்று சப்ளையரை எழுதச் சொல்லுங்கள். பொருளும் அப்படியே இருக்க வேண்டும். பின்பக்கம் தெரியும்படி ஒரு புகைப்படத்தையும் பில் ஆஃப் என்ட்ரியோடு ஏற்றிவிடச் சொல்லுங்கள்.