பினாங்கில் கப்பல் நிற்கும் ஏழு மணி நேரம்: கொடிமலையா, கடைத்தெருவா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று நாள், நான்கு நாள் உல்லாசக் கப்பல்கள் பலவும் பினாங்கில் ஒரு பகல் நிற்கின்றன. காலையில் கயிறு கட்டுவார்கள், மாலையில் அவிழ்த்துவிடுவார்கள். அந்தப் பகலை நான் இரண்டு முறை, இரண்டு விதமாகச் செலவழித்திருக்கிறேன். முதல் முறை, கப்பலிலேயே விற்ற சுற்றுலாவை வாங்கிக் பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்கும் கெக் லோக் சி என்ற பௌத்தக் கோயிலுக்கும் போனேன். இரண்டாம் முறை எதையும் வாங்காமல் ஊருக்குள் நடந்தேன். இரண்டு முறையும் அப்பா உடன் இருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. ஆகவே இது இளவட்டங்களுக்கு மட்டுமான ஒப்பீடு அல்ல.

தீர்ப்பைக் கடைசிவரை ஒளித்துவைக்கப்போவதில்லை. ஒரே பகல்தான் என்றால் ஊர். மலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் பினாங்கில் துறைமுகமும் ஊரும் ஒட்டிப் பிறந்தவை. 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி ஏற்றியபோது, எதிர்க்கரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த முனையில்தான் கோட்டையையும் முதல் தெருக்களையும் போட்டார். மலாய்க்காரர்கள் இந்த ஊரை, அதாவது ஜார்ஜ் டவுனைத் ‘தஞ்சோங்’ என்று சொல்வதும் அதனால்தான். முனை என்று பொருள். கப்பல் வந்து கட்டும் ஸ்வெட்டன்ஹாம் துறையும் அதே முனையில் இருக்கிறது. பூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாதோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டுச் சிறு படகுகளில் ஆளை இறக்கும். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் கோலாலம்பூரைப் பார்க்க ஒரு மணி நேரமாவது சாலையில் போயாக வேண்டும். பினாங்கில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றிய ஊர், துறைமுக வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு முதுகைக் காட்டிவிட்டு பஸ் ஏறுவதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

முதல் பயணத்தில் அந்தத் தவற்றைத்தான் செய்தேன். காலை எட்டே முக்காலுக்குக் கப்பலின் அரங்கில் கூடச் சொன்னார்கள். சட்டையில் 14 என்று எண் போட்ட வட்டச் சீட்டை ஒட்டினார்கள். பதினான்காம் எண்ணைக் கூப்பிடும்வரை குளிர்சாதனக் குளிரில் உட்கார்ந்திருந்தோம். பஸ் நகரும்போது ஒன்பதே முக்கால். கொடிமலை அடிவாரம் துறைமுகத்திலிருந்து 8, 9 கிலோமீட்டர்தான், ஆனால் ஆயர் ஈத்தாம் பக்கம் சாலை எப்போதும் நெரிசல். அங்கே போய்ச் சேர்ந்தால் ரயிலுக்கு வரிசை. எங்கள் கப்பலில் வந்தவர்களே ஐந்தாறு பஸ் நிறைய எங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

அந்த ரயிலைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். 1923இலிருந்து மலையில் ஏறி இறங்கும் கம்பிவட ரயில் அது. முன்பெல்லாம் பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். 2011இல் புது வண்டிகள் வந்தபிறகு ஒரே மூச்சில் மேலே போய்விடுகிறது. செங்குத்தான இடத்தில் வண்டி சாயும்போது பின்னால் நின்றவர்கள் அனைவரும் ஒருசேர ‘ஓ’ என்றார்கள். மலையின் உயரம் 833 மீட்டர். உச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு முருகன் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன. வானம் திறந்திருந்தால் ஊர் முழுவதும், கடலுக்கு மேல் நிலப்பகுதியை நோக்கி ஓடும் பாலமும் தெரியும். எங்களுக்குத் திறக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நாற்பது நிமிடம் வெள்ளை மேகத்தைப் பார்த்தோம். அதற்குமேல் நிற்க வழிகாட்டி விடவில்லை, அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதாம். மலைக்கும் அவசரத்துக்கும் ஆகவே ஆகாது. மேகம் விலகும்வரை ஒரு தேநீரோடு காத்திருக்க முடிந்தவர்களுக்கே அது தரிசனம் கொடுக்கும்.

கெக் லோக் சி வேறு கதை. அங்கே மேகம் ஒன்றும் செய்யாது. 1930இல் முடிந்த ஏழு நிலைக் கோபுரத்தின் அடி சீன முறையில் எண்கோணம், நடு தாய்லாந்து முறை, உச்சி பர்மிய முறை. மூன்று நாட்டுக் கொத்தர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றதுபோல இருக்கும். மேலே முப்பது மீட்டர் உயரத்தில் குவான் யின் தேவியின் வெண்கலச் சிலை. ஆனால் படிகள், படிகள், மேலும் படிகள். சிலையருகே போகச் சாய்வு லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அந்த லிஃப்ட் வரைக்கும் ஏறியாக வேண்டுமே. அப்பா ஆமைக்குளத்தருகே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டார்கள். சுற்றுலா விவரத்தாளில் இது ‘உள்ளூர்ச் சுவை அனுபவம்’ என்று இருந்தது. மலை உச்சிக்குக் கொடுத்ததைவிட ஐந்து நிமிடம் அதிகம். கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். திரும்பிக் கப்பலேறும்போது அப்பா கேட்ட ஒரே கேள்வி: “கடைத்தெரு எங்கே?”

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரியப்பாவும் ஒருவர். மார்க்கெட் தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அந்தத் தெருவுக்கு இங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர் கடைத்தெரு. வீட்டுக்கு வந்த கடிதங்களில் அப்பா படித்ததும் அந்தப் பெயர்தான்.

ஆக, இரண்டாம் முறை வரிசையுமில்லை, ஒட்டுச் சீட்டுமில்லை. சுற்றுலாக் கூட்டம் இறங்கி முடியட்டும் என்று காத்திருந்து, ஒன்பதே காலுக்கு வெளியே வந்தோம். ஐந்து நிமிட நடையில் விக்டோரியா மணிக்கூண்டு. அரசி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு ஆனதற்காகச் சியா சென் இயோக் என்ற செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஓரடியாக அறுபது அடி. உலகப்போரில் விழுந்த குண்டால் சற்றுச் சாய்ந்திருக்கிறது. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. அதற்குக் கால் மணி நேரம் போதும். பீரங்கி பார்க்கப் பிடிக்குமென்றால் டச்சுக்காரர்கள் 1603இல் வார்த்த ‘செரி ரம்பாய்’ அங்கே கிடக்கிறது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைத்த வழக்கம் உண்டு.

பீச் தெருவில் இன்று கடற்கரை இல்லை. பழைய வங்கிக் கட்டடங்கள்தான் வரிசையாக நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. வெயில் ஏறத்தொடங்கியதும் நாங்கள் அஞ்சடிக்குள் ஒதுங்கினோம். கடைகளின் முன்பக்கம், மாடிக்கு அடியில் நிழலாக ஓடும் ஐந்தடி அகல நடைபாதைக்கு மலாயாத் தமிழர் சொல்லும் பெயர் அது. பினாங்கில் நடப்பதா என்று பயப்படுகிறவர்களுக்கு என் பதில் இந்த அஞ்சடிதான். ஆனால் சில கடைக்காரர்கள் அதிலேயே மோட்டார்சைக்கிளை நிறுத்தி, மூட்டையையும் அடுக்கியிருப்பார்கள். பத்தடிக்கு ஒரு முறை தெருவில் இறங்கி ஏற வேண்டும். தளமும் கடைக்குக் கடை உயரம் மாறும். முழங்கால் வலிக்காரர்கள் கீழே பார்த்து நடக்க வேண்டும்.

கடைத்தெருவில் மல்லிகை வாசனையும் ஊதுவத்திப் புகையும், ஒலிபெருக்கியில் பழைய திரைப்பாட்டும். பெரியப்பாவின் கடை எதுவென்று தெரியவில்லை, தேடவும் இல்லை. அடுத்த தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். அங்கிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சில நிமிட நடை. அதற்கான நிலம் 1801இல் கிடைத்தது. கட்டக் காரணமாக இருந்தவர் காதர் மொகிதீன் என்ற மரைக்காயர். அதே நீண்ட தெருவில் சீனர்களின் கருணைத் தேவி கோயிலும் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் இருக்கின்றன. ஆனால் அப்பா நின்றது சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முக்கில். அங்கே நாகூர் தர்காவின் சிறு வடிவம் ஒன்று இருக்கிறது. நாகூர் ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள், இறங்கிய இடத்திலும் அவருக்கு ஓர் இடம் செய்துகொண்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் சற்று நேரம் நின்றார். கொடிமலையில் மேகத்தைப் பார்த்த நேரத்தில் கால்வாசிகூட இராது.

பதினொன்றரைக்கு ‘நாசி கண்டார்’ என்ற சோறு-குழம்புச் சாப்பாடு. முன்பு தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித்தண்டின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அந்தத் தண்டுதான் ‘கண்டார்’. பரிமாறியவர் சோற்றில் ஒரு மீன்தலையைச் சாய்த்து, வெண்டைக்காயைப் பக்கத்தில் வைத்து, “பஞ்சிரா?” என்று மட்டும் கேட்டார். வெள்ளமா என்று பொருள். தலையாட்டியதும் நான்கு குழம்புச் சட்டிகளிலிருந்து ஒவ்வொரு கரண்டி. கோழிக்குழம்பு, மீன்குழம்பு, கறுத்த சோயா மசாலா, தாளித்த பருப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பிறகு கரண்டியின் முதுகால் சோற்றை அமுக்கிப் பிடித்துத் தட்டைச் சாய்த்தார். மிஞ்சிய குழம்பு சட்டிக்கே திரும்பி ஓடியது. வீட்டில் இப்படிக் கலந்தால் அம்மா அகப்பையால் அடிப்பார். அங்கே அதுதான் ருசி. கப்பலில் பகலுணவு இலவசம் என்பதற்காகத் திரும்பி ஓடியவர்களைப் பார்த்தேன். அனுதாபம்தான் வந்தது.

சாப்பிட்ட பிறகு ஆர்மேனியன் தெரு. எர்னஸ்ட் சகரெவிச் 2012இல் வரைந்த, மிதிவண்டியில் இரு குழந்தைகள் போகும் சுவரோவியத்தின் முன் படமெடுக்க வரிசை. வரிசை என்றால் எனக்கு இப்போது ஒவ்வாமை, விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக அருகிலுள்ள கூ கொங்சி குலமன்றத்துக்குப் போகலாம். பழைய மன்றம் அளவுக்கு மீறிய ஆடம்பரத்தால் தெய்வ கோபத்துக்கு ஆளாகி 1901இல் எரிந்தது என்றும், அதனால்தான் 1906இல் அடக்கமாகக் கட்டினோம் என்றும் சொல்கிறார்கள். அந்த ‘அடக்கத்தை’ நேரில் பார்த்தால் சிரிப்பு வரும். வானமே தெரியாத அளவுக்குக் கூரைச் சிற்பங்கள்! வெல்ட் கீ கரையில் சியூ குலத்தாரின் மரத்துறை கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிறது. நீருக்கு மேலே வீடுகள், வாசலில் துணி காய்கிறது. ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதை மறந்து ஜன்னலுக்குள் கைப்பேசியை நீட்டாமல் இருந்தால் சரி. அதற்குள் அப்பாவின் கால் கெஞ்சியதால் திரும்பும் வழிக்கு ஒரு மிதிரிக்‌ஷா பிடித்தோம்.

மொத்தம் மூன்று கிலோமீட்டர் போலத்தான் நடந்திருப்போம். சுற்றுலாவுக்கு இருவருக்குமாகக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கே செலவானது.

இனி எதிர்க்கட்சியின் வாதம். கப்பல் சுற்றுலாவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அவர்களுடைய பஸ் நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. மலைக்குப் போவதில் இந்தப் பயம் நிஜமானது, ரயில் வரிசை யார் கையிலும் இல்லை. ஊருக்குள் நடப்பவர்களுக்கு அந்தக் காப்பீடு தேவையே இல்லை, கப்பலின் புகைபோக்கியே பல இடங்களிலிருந்து தெரியும்.

மலையைப் பார்த்தே தீருவேன் என்கிறவர்கள் சுற்றுலாவை விட்டு, இறங்கியவுடன் கைப்பேசிச் செயலியில் கிராப் வாடகை வண்டி பிடித்து நேராக அடிவாரம் போவது மேல். கப்பலின் பஸ்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் பாதி வெற்றி. வெல்ட் கீயிலிருந்து கொம்தார் கோபுரம் வழியாகப் போகும் 204ஆம் எண் பஸ் மலிவுதான், ஆனால் நின்று நின்று போகும். ஒரு பகல்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன். பத்து ஃபெரிங்கி கடற்கரையும் அவ்வாறே. போக வர ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிடும், கடலும் பூக்கெட் கடல் அல்ல. நீச்சல்தான் வேண்டுமென்றால் கப்பலின் குளம் அன்றைக்குக் காலியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் பலமுறை நுழையும் சிங்கப்பூர் விசா வைத்திருக்க வேண்டும். கப்பலில் பினாங்கு போய்ச் சிங்கப்பூருக்குத் திரும்பினால் அது இரண்டாம் நுழைவு.

மூன்றரைக்குக் கப்பலேறினோம். மேல்தளத்தில் அப்பா நாற்காலியை மேற்கே திருப்பிப் போட்டுக்கொண்டார். ஊரின் கூரைகளுக்குப் பின்னால் கொடிமலை, உச்சிவரை ஒரு துணுக்கு மேகம்கூட இல்லாமல் நின்றது. “இங்கிருந்தே தெரிகிறதே! அன்றைக்கு அதற்கா அவ்வளவு பணம் கொடுத்தாய்?” என்றார்.