கரியோடு கசடைச் சேர்த்தால் டீசல் வருமா?

திருநெல்வேலி–தூத்துக்குடி நாற்கரச் சாலையில் நிலக்கரி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் வாயெல்லாம் கரித்தூசிதான். வல்லநாட்டு டீக்கடையில் அண்ணாச்சி கேட்டார்: "கப்பல் கப்பலா வந்து இறங்குதே, இதுலயே டீசல் எடுத்தா என்ன?"

எடுக்கலாம். சிக்கல் ஹைட்ரஜனில் இருக்கிறது. நிலக்கரியில் பத்து கார்பன் அணுவுக்கு எட்டு ஹைட்ரஜன் அணுதான் தேறும். டீசலுக்கு இருபது பக்கம் வேண்டும்.

ஜெர்மனியின் வேதியியலாளர் பெர்கியஸ் 1913-லேயே காட்டிய வழி, கரித்தூளை எண்ணெயில் குழைத்து, 450 டிகிரி சூட்டில், பெரும் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்துவது. சீனாவின் ஓர்டோஸில் 2008 முதல் இப்படி ஓர் ஆலை இருக்கிறது. ஆனால் குழைக்கும் எண்ணெயை, கிடைத்த சரக்கிலிருந்தே எடுத்துத் திரும்பத் திரும்ப உள்ளே விட வேண்டும். உலையில் பாதி இடம் அதற்கே போய்விடும். சாம்பல் மிகுந்த நம் நாட்டுக் கரிக்கு இது ஒத்துவராது.

அந்தக் கரிக்கு ஃபிஷர்-டிராப்ஷ் முறைதான் சரி. கரியை முதலில் வாயுவாக்கி, பிறகு எண்ணெயாகக் கோப்பது. தென்னாப்பிரிக்காவின் சசோல் நிறுவனம் 1955 முதல் செய்கிறது. கந்தகமில்லாத அருமையான டீசல் வரும். ஆனால் கார்பனில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: குழைக்க, கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் நிற்கும் தார் போன்ற கசடையே பயன்படுத்துவது. கசடில் பத்துக்குப் பதினான்கு ஹைட்ரஜன் இருப்பதால் வெளியிலிருந்து கொடுப்பது குறையும். சுற்றிவரும் எண்ணெய்க்கு ஒதுக்கிய இடமும் மிச்சம். கரி, கசடு இரண்டுமே சரக்காகும். கசடிலுள்ள வனேடியமும் நிக்கலும் கரித்துகளில் ஒட்டிக்கொள்வதால், வினையை முடுக்க உலையில் போடும் வினையூக்கி கெடாமல் தப்பிக்கும். சீனாவின் யூலின் பக்கம் ஆண்டுக்கு 4.5 லட்சம் டன் அளவில் இப்படி ஓர் ஆலை கட்டினார்கள்.

குறை என்னவென்றால், கசடு கரியைக் கரைப்பதில் கொஞ்சம் சோம்பேறி. ஹைட்ரஜன் போதாவிட்டால் உலையில் கோக் என்ற கெட்டிக் கரி படியும். உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுபவர்களைக் கேளுங்கள்: பாகு இறுகும் நேரத்தில் கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். இங்கே அடிப்பிடித்தால் சுரண்ட உலையையே நிறுத்த வேண்டும்.

இன்னொரு போட்டியும் உண்டு. சுத்திகரிப்பு ஆலைகள் கசடைக் கோக்கர் என்ற உலையில் வேகவைத்து, மிஞ்சும் கரியைப் பெட்கோக் என்று விற்றுவிடுகின்றன. சிமெண்ட் சூளைகள் வாங்கிக்கொள்ளும். டீசல் குறைவாகக் கிடைத்தாலும் தலைவலியும் குறைவு.

நம் பக்கம் சுத்திகரிப்பு ஆலையே கிடையாது. மணலியிலிருந்தோ கொச்சியிலிருந்தோ கசடை உறையாமல் சூடாகவே கொண்டுவர வேண்டும். இதைச் சொன்னதும் அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப கரியை அங்க அனுப்புறதுதான லேசு?" என்றார்.