மிளகாய்த்தூளைப் பரிசோதிக்கக் கொடுத்தபோது

கொட்டாஞ்சேனையில் வீட்டோடு சேர்ந்த சிறு ஆலையில் மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்யும் நாங்கள், பெரிய கடைகளுக்கு வழங்க ஆய்வுகூட அறிக்கை கேட்கப்பட்டதால், கொழும்பு 7 பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தை நாடினோம். 1955இல் தொடங்கப்பட்ட இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனமே 1998இல் இப்பெயரைப் பெற்றது.

எங்கள் தூளின் நிறமும் மணமும் நன்றாகவே இருந்தன. ஆயினும், சரியாக உலராத செத்தல் மிளகாயில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடொக்சின் என்னும் நச்சு, கண்ணுக்கோ நாவுக்கோ புலப்படாது என்பதையும், வறுத்தாலும் அது முற்றாக அழியாது என்பதையும், மாதிரியைப் பெற்றுக்கொண்ட அலுவலர் பொறுமையாக விளக்கினார். ஒரே மூடையின் மேற்பகுதியிலிருந்து மட்டும் அள்ளாமல், பல மூடைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து மாதிரி தயாரிக்க வேண்டும் என்ற அவருடைய அறிவுரை, கட்டணத்திலும் பெறுமதியானது.

அறிக்கை ஈரப்பதன் கூடுதலென்று காட்டியது. இப்போது மிளகாயை மேலும் காயவைத்து, நிலத்தில் படாமல் மரத்தட்டுகளில் அடுக்குகிறோம். பழுதாகி எறியவேண்டி வருவதும் குறைந்துவிட்டது.

கட்டணம் எங்களைப் போன்றோருக்குச் சுமைதான். மானியம் கேட்டுச் சென்ற வேறோர் அலுவலகத்தில் தமிழ் விண்ணப்பப் படிவமே இருக்கவில்லை. அது மனதை வருத்தியது. பரிசோதனைக்காக மட்டும் என்றால், சிறு உற்பத்தியாளர்கள் தயங்காமல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்துக்குச் செல்லலாம்.