1956: கட்டுரைக்கு சூயஸா, ஹங்கேரியா?

1956-ஐப் பற்றி எழுத உட்காருபவர்கள் திணறுவது இங்கேதான். எகிப்தின் சூயஸ் கால்வாய் நெருக்கடி, சோவியத் பிடிக்கு எதிரான ஹங்கேரி எழுச்சி, இரண்டும் ஒரே வாரங்களில் நடந்தவை; இரண்டையும் பாதிப்பாதி எழுதினால் எதுவும் நிற்காது.

தொடக்கம்
சூயஸ்: ஜூலை 26. அலெக்சாண்டிரியா உரையில் எகிப்து அதிபர் நாசர் சொன்ன 'லெசெப்ஸ்' (கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர்) என்ற பெயரே அடையாளச் சொல். கேட்டதும் அவருடைய ஆட்கள் கால்வாய் நிறுவன அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். போர் தொடங்கியது அக்டோபர் 29-இல்தான்.
ஹங்கேரி: அக்டோபர் 23, புடாபெஸ்ட் மாணவர் பேரணி. அன்றிரவே ஸ்டாலின் சிலை சாய்ந்தது. பீடத்தில் மிஞ்சியவை பூட்ஸ்கள் மட்டுமே.

சறுக்கும் இடம்
சூயஸ்: பாரிஸ் அருகே செவ்ரில் ஏற்பட்ட ரகசிய உடன்பாட்டை விட்டுவிட்டால் கதையே புரியாது. இஸ்ரேல் தாக்கும், 'சண்டையை விலக்க' பிரிட்டனும் பிரான்ஸும் இறங்கும் என்று பேசிவைத்தது அங்கேதான். போர்நிறுத்தத்துக்கு சோவியத் மிரட்டலை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். பவுண்டு தள்ளாடியபோது அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததுதான் லண்டனைப் பணியவைத்த பெரிய அழுத்தம்.
ஹங்கேரி: எழுச்சியை அடக்க சோவியத் படை வந்தது இரண்டு முறை: அக்டோபர் 24, நவம்பர் 4. ஒன்றாக்கிவிடாதீர்கள்.

விளைவு
சூயஸ்: 1957 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் பதவி விலகினார்.
ஹங்கேரி: சுமார் 2 லட்சம் பேர் வெளியேறினர். எழுச்சியின்போது பிரதமராக இருந்த இம்ரே நாகி 1958 ஜூன் 16-இல் தூக்கிலிடப்பட்டார்.

நான்கைந்து பக்கம்தான் என்றால் ஹங்கேரி; கதை நேர்கோட்டில் போகும். வல்லரசு, பணம், எண்ணெய் எல்லாம் பேச இடமிருந்தால் சூயஸ். எதை எடுத்தாலும் மற்றதற்கு ஒரு பத்தி கொடுங்கள்: நவம்பர் 4 விடியலில் புடாபெஸ்டுக்குள் டாங்கிகள், மறுநாள் காலை போர்ட் சயீதில் பாராசூட் படை.