பிரேக்கில் காற்றை வெளியேற்ற: மேலிருந்தா, கீழிருந்தா?

பைக்கில் புது மாஸ்டர் சிலிண்டரும் (லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) குழாயும் மாட்டியபின் முன்பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்கினால், உள்ளே காற்று நிற்கிறதா என்றே முதலில் பாருங்கள்.

லீவரை அழுத்திப் பிடித்து, காலிப்பரின் (சக்கரத்தருகே பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகைத் திறந்து, அதை மூடிய பிறகே லீவரை விடுவது பழைய முறை. தனிக் கருவி தேவையில்லை. ஆனால் காலியான குழாயில் பொறுமையைச் சோதித்துவிடும். மாஸ்டர் சிலிண்டரின் கிண்ணத்தில் பிரேக் ஆயில் வற்றினால் மறுபடி காற்று புகும்.

சிரிஞ்சால் ஆயிலைக் காலிப்பரிலிருந்து மேல்நோக்கிச் செலுத்துவது இன்னொன்று. குமிழ்கள் இயல்பாகவே மேலேறுபவை. புது பாகங்களுக்கு நான் இதையே தேர்வேன். கிண்ணம் வழிந்தால் டாட் 4 வகை பிரேக் ஆயில் டேங்க் பெயிண்டை அரித்துவிடும், துணி போர்த்துங்கள். காலிப்பர் பழையதென்றால் அதன் அழுக்கும் மேலேறும். அங்கே பழைய முறையே நல்லது.

இரண்டிலும் லீவர் இறுகவில்லையா? மாஸ்டர் சிலிண்டரில் குழாய் சேரும் பாஞ்சோ போல்ட்டைக் கவனியுங்கள். உயரமான அந்த இடத்தில்தான் கடைசிக் குமிழ் பெரும்பாலும் பதுங்கும்.